வீட்டுக் கணினியை ஆராய்ச்சிக்கு ஓடவிட எந்த மென்பொருள்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உங்கள் கணினி ஆனில் இருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் சும்மாதான் இருக்கும். பிரவுசரில் நாலு டேப், பின்னணியில் ஒரு பாட்டு, அவ்வளவுதான். அந்த மிச்சத் திறனைப் புரத ஆராய்ச்சிக்கோ, வானியலுக்கோ, பகா எண் தேடலுக்கோ கொடுக்கலாம். மென்பொருளை நிறுவினால், அது ஆராய்ச்சிக் குழுவின் சர்வரிலிருந்து ஒரு கணக்கை (இதைத்தான் 'வேலை' என்பார்கள்) இறக்கி, போட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்பும். காசு வராது. சும்மா கொடுப்பதுதான்.

இதுவரை எளிது. எதை நிறுவுவது என்று தேடும்போதுதான் தலை சுற்றும். முப்பது நாற்பது திட்டங்களின் பட்டியல்கள் கிடைக்கும், அவற்றில் பல மூடப்பட்டவை. இன்றும் பல பட்டியல்களில் முதலில் நிற்கும், வேற்றுலக அறிவுயிர்களைத் தேடிய செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்றே புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. எங்கேயாவது அதைப் பரிந்துரைத்தால் அந்தக் கட்டுரை பழையது என்று புரிந்துகொண்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

நான் அலசிப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. பிடித்த அறிவியலை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற மென்பொருளைத் தேடினால் இழுபறிதான். கையிலிருக்கும் மெஷினிலிருந்து தொடங்கினால் அரை மணி நேரத்தில் முடிவுக்கு வந்துவிடலாம்.

1. மெஷினில் மூன்று விஷயம் பாருங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்.

ஒன்று, ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப். என்விடியா அல்லது ஏஎம்டியின் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா, இல்லை சிபியுவோடு (கணினியின் முதன்மைச் செயலி) ஒட்டி வந்த கிராபிக்ஸ் மட்டும்தானா? இரண்டாவது, ராம். 8 ஜிபி இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். 4 ஜிபி என்றால் திட்டத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவதை டாஸ்க் மேனேஜர் சொல்லாது, யாரும் கேட்பதும் இல்லை, ஆனால் அதுதான் முக்கியம்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கணினி ஆனில் இருக்கும்? ஒவ்வொரு வேலைக்கும் கெடு உண்டு. கெடுவுக்குள் முடிக்காவிட்டால் அதே வேலை வேறொருவருக்குப் போகும், நீங்கள் செலவழித்த மின்சாரம் வீண். மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் ஓடும் லேப்டாப்புக்கும் இரவு பகலாக ஓடும் டெஸ்க்டாப்புக்கும் ஒரே பதில் கிடையாது.

2. மென்பொருள் மூன்றில் ஒன்று

சின்னச் சின்னவை நிறைய உண்டு. புதியவர்கள் யோசிக்க வேண்டியவை மூன்றுதான்.

பாயிங்க்: கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. இது ஒரு பொதுக் கூடாரம். பாயிங்கில் இயங்கும் திட்டங்களில் எதை வேண்டுமானாலும் இதற்குள் சேர்க்கலாம், கழற்றலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். ஐபோனில் ஓடாது. தனி ஜிபியு இல்லாத சாதாரண கணினிக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

ஃபோல்டிங் அட் ஹோம்: இதில் ஒரே துறைதான். புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று உருவகப்படுத்திப் பார்ப்பது. புற்றுநோய், அல்சைமர், கோவிட் போன்றவற்றுக்கான ஆராய்ச்சி இதில் நடக்கிறது. சிபியுவிலும் ஓடும், ஆனால் நல்ல ஜிபியு இருந்தால்தான் இதன் அருமை தெரியும். கேம் விளையாட வாங்கிய டெஸ்க்டாப் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் இதை எடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மேக்கில் இது சிபியுவை மட்டும்தான் பயன்படுத்தும்.

ஜிம்ப்ஸ்: மெர்சென் பகா எண்களை (இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்கள்) தேடும் திட்டம், மென்பொருளின் பெயர் பிரைம்95. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 4,10,24,320 இலக்கப் பகா எண் இந்தத் திட்டத்தில் கிடைத்ததுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் பல நாடுகளின் டேட்டா சென்டர்களில் வாடகைக்கு எடுத்த ஜிபியுக்களை ஓட்டியவர். உங்கள் வீட்டு மெஷினில் அடுத்தது சிக்கும் என்ற கனவோடு போகாதீர்கள். கணிதத்தில் ஆசை, கூடவே பொறுமை இருந்தால் மட்டும் இது. முதல் தடவை திறக்கும்போது திட்டத்தில் சேர்வதா, சும்மா கணினியைச் சோதிப்பதா என்று கேட்கும். இரண்டாவதை அழுத்தினால் கணினி கொதிக்கும், யாருக்கும் ஒரு விடையும் போகாது.

மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் போட வேண்டாம். சிபியுவுக்கு ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும்.

3. பாயிங்க் என்றால் எந்தத் திட்டம்?

ஃபோல்டிங்கோ ஜிம்ப்ஸோ எடுத்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

தினமும் சில மணி நேரமே ஓடும் கணினிக்கு ஐன்ஸ்டீன் அட் ஹோம். பல்சர்களையும் (வேகமாகச் சுழலும் நட்சத்திர எச்சங்கள்) ஈர்ப்பலைகளையும் தேடும் திட்டம். பெரும்பாலான வேலைகளுக்கு 14 நாள் கெடு என்பதால் பதற்றம் இல்லை. வேலை தட்டுப்பாடு வருவதும் அபூர்வம். சிபியு, ஜிபியு இரண்டுக்கும் வேலை உண்டு. 2010இல் இதில் பிடிபட்ட முதல் புதிய பல்சர், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துத் தம்பதி ஒன்றின் கணினியிலும் ஜெர்மனிக்காரர் ஒருவரின் கணினியிலும் ஓடிய வேலைகளில் வெளிப்பட்டது. மூன்று பேருமே சாதாரணத் தன்னார்வலர்கள்தான்.

மருத்துவம், உயிரியல் பக்கம் மனம் போனால் ரொசெட்டா அட் ஹோம். 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற டேவிட் பேக்கரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்துத் திட்டம். சிபியு மட்டும் போதும். ஆனால் இரண்டு தொல்லை. கெடு வழக்கமாக மூன்றே நாள். அப்புறம், ஒவ்வொரு வேலையும் ஒரு ஜிபி, சில நேரம் அதற்கு மேலும் ராம் தின்னும். சிபியுவின் எட்டு கோரிலும் எட்டு வேலை ஓடினால் 8 ஜிபி மெஷின் திணறிவிடும். போதாததற்குப் பல நாட்கள் தொடர்ந்து வேலையே இல்லாமலும் கிடக்கும்.

வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் முன்பு ஐபிஎம் நடத்தியது, இப்போது டொரான்டோவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. நல்ல மருத்துவத் திட்டங்கள் இதில் உண்டு. கைமாறிய பிறகு நீண்ட தடங்கல்களும் இருந்தன. இதை மட்டும் நம்பி இருக்காமல் இன்னொன்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான சேர்னின் எல்எச்சி அட் ஹோம் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும். அதன் பல வேலைகளுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வேண்டும், பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்க வேண்டும், ராமும் டவுன்லோடும் அதிகம். இரண்டாம் மாதத்துக்கு ஒத்திப்போடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பருவநிலைத் திட்டமும் அப்படித்தான். ஒரே வேலை பல நாட்கள் ஓடும், நடுவில் கணினியை அணைத்து அணைத்துப் போடுபவர்களுக்கு ஒத்துவராது.

ஆசையில் பத்துத் திட்டங்களைச் சேர்த்துவிடாதீர்கள். ஒரே முகூர்த்தத்துக்குப் பத்துக் கல்யாணத்தை ஒப்புக்கொண்ட சமையல்காரர் கதையாகிவிடும். எல்லாத் திட்டமும் வேலை அனுப்பும், எதுவும் கெடுவுக்குள் முடியாது. ஒன்று போதும். வேண்டுமானால் இரண்டாவதைச் சேர்த்து, அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் ரிசோர்ஸ் ஷேர் என்பதைச் சுழியம் ஆக்குங்கள். முதல் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் அது எட்டிப்பார்க்கும். ரொசெட்டாவை விரும்புபவர்கள் ஐன்ஸ்டீனை இப்படி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

இந்தத் தேர்வே வேண்டாம் என்பவர்களுக்கு சயின்ஸ் யுனைட்டெட் இருக்கிறது. பாயிங்க் குழுவினரே நடத்துவது. மருத்துவம், வானியல், பருவநிலை என்று துறையை மட்டும் டிக் செய்தால் திட்டங்களை அதுவே பார்த்துச் சேர்க்கும். முடிக்கும் வேலைகளுக்குத் திட்டங்கள் புள்ளி கொடுக்கும்; இதில் தனித்தனித் திட்டத்தில் உங்கள் பெயரில் அந்தப் புள்ளி ஏறாது என்பதுதான் குறை.

4. கணக்கு, ஆவணம்

ஆவணம் எதுவும் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல், ஒரு புனைபெயர், அவ்வளவுதான். ஆதார், பான், வங்கிக் கணக்கு, போன் ஓடிபி என்று எங்கேயாவது கேட்டால் அது போலி. அந்தப் பக்கத்தை மூடுங்கள். "கணினியை ஓடவிட்டு மாதம் இவ்வளவு சம்பாதியுங்கள்" என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செயலிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதிவுக் கட்டணமும் கிடையாது.

புனைபெயர் தரவரிசைப் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே முழுப் பெயரோ ஊரோ அதில் வேண்டாம். கடவுச்சொல்லும் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். பாயிங்கில் இரண்டு திட்டங்களில் சேர்ந்தால் இரண்டிலும் ஒரே மின்னஞ்சலைக் கொடுங்கள். அப்போதுதான் மொத்தப் புள்ளியும் ஒரே ஆளின் கணக்காகச் சேரும்.

ஃபோல்டிங்கில் பெயரே இல்லாமலும் ஓட்டலாம். புள்ளி வேண்டும் என்றால் பாஸ்கீ என்ற நீண்ட எழுத்துக் கோவையை மின்னஞ்சல் வழியாக வாங்கிப் போட வேண்டும். பாஸ்கீயோடு முதல் 10 வேலைகளை முடித்த பிறகுதான் போனஸ் புள்ளி தொடங்கும். எடுத்த வேலைகளில் 80 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக முடித்திருக்கவும் வேண்டும். முதல் சில நாட்கள் புள்ளி ஊர்ந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. அலுவலகக் கணினியிலோ கல்லூரி லேபிலோ எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இதை நிறுவாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி இப்படிச் செய்ததற்காகக் குற்ற வழக்கையே சந்தித்தார்.

5. நிறுவும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்

அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பொதுவான டவுன்லோடு தளங்களில் பழைய பதிப்போ, கூடவே வேறு குப்பையோ வரும்.

பாயிங்க் தளத்தில் விர்ச்சுவல்பாக்ஸோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு வகை இருக்கும். இல்லாததை எடுங்கள். விண்டோஸில் நிறுவும்போது அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் சர்வீஸ் ஆக நிறுவும் வாய்ப்பு ஒன்று இருக்கும். பாதுகாப்பானது போலத் தோன்றும். அதை டிக் செய்தால் ஜிபியு வேலையே செய்யாது, காரணமும் லேசில் பிடிபடாது.

ஜிபியுவுக்கு டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் டிரைவரில் கணக்குப் போடத் தேவையான ஓப்பன்சிஎல் இல்லாமல் போகலாம். பாயிங்கில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ அழுத்தினால் ஈவென்ட் லாக் திறக்கும். ஆரம்ப வரிகளிலேயே உங்கள் ஜிபியுவின் பெயர் இருக்கிறதா, இல்லை ஜிபியு கிடைக்கவில்லை என்று இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் டிரைவர் சரியாக இருந்தும் இப்படி வந்தால், பாயிங்க் ஓடும் பயனரை வீடியோ, ரெண்டர் குழுக்களில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஃபோல்டிங்கில் இப்போது இருப்பது எட்டாம் பதிப்பு. பிரவுசரில் திறக்கும் பக்கம் வழியாகத்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஸ்லாட் சேர்ப்பது பற்றிப் பேசும் வழிகாட்டிகள் எல்லாம் ஏழாம் பதிப்புக்கு உரியவை, அவற்றைப் படித்துக் குழம்ப வேண்டாம். அமைப்புகளில் ஜிபியுவுக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார்த்துவிட்டு, பிறகு ஃபோல்டு பொத்தானை அழுத்துங்கள்.

6. முதல் இரவு ஓடவிடும் முன்

நிறுவிய கையோடு அப்படியே விட்டுவிட்டால் லேப்டாப் ஃபேன் கத்தும், வீட்டில் திட்டு விழும், மறுநாளே கழற்றிவிடுவீர்கள். பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

பாயிங்கில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்தி விரிவான காட்சிக்கு வாருங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ். அதில் சதவீதம் இரண்டு இடத்தில் கேட்கும்: எத்தனை சதவீத சிபியுக்கள், எத்தனை சதவீத சிபியு நேரம். சூட்டைக் குறைக்க முதலாவதைக் குறையுங்கள், லேப்டாப்பில் 50 வைத்துத் தொடங்கலாம். இரண்டாவதை 100 ஆகவே விடுங்கள். அதைக் குறைத்தால் சிபியு ஒரு நொடி முழு வேகம், அடுத்த நொடி ஓய்வு என்று துள்ளும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கி எரிச்சலைக் கிளப்பும்.

லேப்டாப்புக்கு இன்னொரு வழி: விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச சிபியு நிலையை 99 சதவீதம் ஆக்கினால் டர்போ வேகம் அணைந்துவிடும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே குறையும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பை ஓடவிடுவதே வேண்டாம் என்பேன். மெத்தை மேல் வைத்து ஓட்டுவது எந்த மாதத்திலும் வேண்டாம்.

பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்பதற்கு டிக் வையுங்கள். ஆனால் ஒரு விஷயம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் டெஸ்க்டாப்புக்குத் தான் பேட்டரியில் ஓடுகிறோம் என்பதே தெரியாது. கரண்ட் போனதும் இது முழு வேகத்தில் ஓடி, ஃபேனுக்கும் விளக்குக்கும் வைத்திருந்த சார்ஜைக் காலி செய்துவிடும். ஒன்று அந்தப் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போடாதீர்கள், இல்லை கரண்ட் போனால் கையால் நிறுத்துங்கள். திடீரென்று அணைந்தாலும் வேலை முழுதாகப் போகாது. பெரும்பாலான திட்டங்கள் இடையிடையே சேமித்துக்கொள்ளும், கடைசிச் சேமிப்புக்குப் பிறகு செய்தது மட்டும் போகும்.

எத்தனை நாளுக்கான வேலையைக் கையிருப்பில் வைப்பது என்ற இடத்தில் அரை நாள் போதும். இன்டர்நெட் அடிக்கடி போகும் ஊர் என்று பத்து நாள் போட்டால், கெடு தாண்டிய வேலைகள்தான் குவியும். மொபைல் டேட்டாவில் ஓட்டுபவர்கள் நெட்வொர்க் பகுதியில் டவுன்லோடு வரம்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், கணினி ஸ்லீப்புக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும். இரவில் ஓட வேண்டும் என்றால் ஸ்லீப்பை அணைத்து, திரை மட்டும் அணையும்படி வையுங்கள்.

7. கரண்ட் பில்

மென்பொருள் இலவசம், மின்சாரம் இலவசம் இல்லை. வாட் அளக்கும் பிளக் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள். கணினி சும்மா இருக்கும்போது எவ்வளவு, இது ஓடும்போது எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால் வருவதுதான் உண்மையான கூடுதல் செலவு. மொத்த வாட்டையும் இதன் தலையில் கட்ட வேண்டாம்.

உதாரணத்துக்கு, சிபியுவால் கூடுதலாக 60 வாட், தினம் 8 மணி நேரம். இரண்டு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 145 ரூபாய்க்குள். ஜிபியுவால் கூடுதலாக 200 வாட், நாள் முழுதும் என்றால் கதை வேறு: இரண்டு மாதத்துக்கு 288 யூனிட். 5 ரூபாய்க் கணக்கில் 1,440. யூனிட் 8 ரூபாய் என்றால் 2,304.

தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதை நம்பி இறங்காதீர்கள். அந்த 100 வீட்டு உபயோகத்திலேயே தீர்ந்திருக்கும். நீங்கள் கூட்டுவது எல்லாமே கடைசிப் படியின் விலையில்தான் ஏறும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே வேறாகிவிடும். ஏற்கெனவே 450 பக்கம் வரும் வீடு என்றால், இந்தக் கூடுதல் 500ஐத் தாண்ட வைக்குமா என்று பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இலங்கையிலும் படிநிலைக் கட்டணம்தான், அங்கே மாதக் கணக்கு. சோலார் வைத்திருப்பவர்கள் பாயிங்கின் நேர அட்டவணையில் பகல் நேரத்தை மட்டும் கொடுத்துவிடலாம்.

8. முதல் இரண்டு வாரம்

மீதி நேரம் என்று காட்டும் கணக்கை ஆரம்பத்தில் நம்பாதீர்கள். சில வேலைகள் முடிந்த பிறகுதான் அது உங்கள் மெஷினைப் புரிந்துகொள்ளும்.

வேலை முடிந்து அனுப்பியும் புள்ளி ஏறாமல் பெண்டிங் என்று நிற்கும். ஒரே வேலையை இன்னொரு கணினிக்கும் அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது பல திட்டங்களின் வழக்கம். அந்த இன்னொரு ஆள் கெடு முடியும்வரை இழுத்தால் நீங்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

விடைகளில் பிழை, இன்வேலிட் என்று தொடர்ந்து வந்தால் விஷயம் வேறு. பெரும்பாலும் அதிகச் சூடு, ஓவர்கிளாக் (சிப்பை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), இல்லை ராம் கோளாறு. கணினியை நிறுத்திச் சரிபார்த்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். தப்பான விடையை அனுப்பிக்கொண்டே இருப்பதில் யாருக்கும் பயனில்லை.

போனிலும் போடலாமா என்று கேட்பார்கள். பழைய ஆண்ட்ராய்டு போன் என்றால் போட்டுப் பார்க்கலாம். சார்ஜில் இருக்கும்போது, வைஃபையில், பேட்டரி 90 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் ஓடும்படி அதுவே அமைத்திருக்கும். தினம் பயன்படுத்தும் போனில் வேண்டாம், பேட்டரியின் ஆயுள் குறையும்.

9. நிறுத்த வேண்டுமென்றால்

தேர்வு வந்துவிட்டது, பில் எகிறிவிட்டது, கணினியை விற்கப்போகிறீர்கள், எதுவாகவும் இருக்கட்டும். நேராக அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். கையிலிருக்கும் வேலைகள் அப்படியே அந்தரத்தில் நிற்கும், அவற்றின் கெடு முடியும்வரை ஆராய்ச்சிக் குழுவும் காத்திருக்கும்.

பாயிங்கில் புராஜெக்ட்ஸ் பக்கத்தில் திட்டத்தைத் தேர்ந்து 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்துங்கள். இருக்கும் வேலைகள் முடிந்து விடைகள் போய்ச் சேர்ந்ததும் ரிமூவ் கொடுங்கள். ஃபோல்டிங்கில் ஃபினிஷ் பொத்தான் இதே வேலையைச் செய்யும். முடிக்க நேரமில்லை என்றால் டாஸ்க்ஸ் பக்கத்தில் அபார்ட் கொடுத்து, பிறகு அப்டேட் அழுத்திவிடுங்கள். சர்வருக்குத் தகவல் போய் அந்த வேலைகள் உடனே வேறு ஆளுக்குக் கிடைக்கும். எல்லாம் முடித்து அன்இன்ஸ்டால் செய்த பிறகும் விண்டோஸில் சி டிரைவின் புரோகிராம்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் பாயிங்கின் தரவு மிச்சம் இருக்கும். அதையும் கையால் அழித்தால்தான் இடம் காலியாகும்.